சிலபஸை இரண்டு தடவை முடித்தும் மாக் டெஸ்டில் மார்க் ஏறவில்லை, என்ன செய்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். பல்கலைக்கழக நுழைவுக்கான ஸ்கிரீனிங் தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. சிலபஸ் முழுவதையும் இரண்டு தடவை படித்தாயிற்று. ஆனால் மாக் டெஸ்டில் நூற்றுக்கு 45-ஐத் தாண்ட முடியவில்லை. தினமும் பத்து மணி நேரம் படிப்பதைப் பன்னிரண்டாக்கலாமா, கோச்சிங்கில் சேரலாமா, தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்வி ஒன்று இருப்பதாகப் படுகிறது: புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, வினாத்தாளைப் பார்த்தால் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? மற்ற மூன்றும் அதிலிருந்து கிளைத்தவைதான்.

பதினெட்டு வருடமாக நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கிறேன். மாதிரி வினாத்தாள் தயாரிக்கிற வேலையும் கூடவே உண்டு. அதனால் கணக்குப் போட்டு விடை காணும் பாடங்களைப் பற்றித் தைரியமாகச் சொல்வேன். மனப்பாடத்தை அதிகம் நம்பியிருக்கும் பாடங்களில் எனக்கு அந்த அளவு பழக்கம் இல்லை. இன்னொரு குறையும் என் அனுபவத்தில் இருக்கிறது. திரும்பி வந்து "சார், இப்படிச் செய்தேன், இடம் கிடைத்தது" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இடம் கிடைத்தவர்கள். அதையே செய்து கிடைக்காமல் போனவர்கள் வந்து சொல்வதில்லை. ஆகவே எது ஆய்வில் தெரிந்தது, எது என் கண்ணால் பார்த்தது மட்டும் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கிரீனிங் தேர்வு என்பது சல்லடை. சலிக்கிறவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டும், கோட்டுக்கு மேலே யார், கீழே யார். பல இடங்களில் இதில் வாங்கும் மார்க் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது கணக்கில் சேராது. நேர்முகத் தேர்வோ முதன்மைத் தேர்வோ புதிதாகத் தொடங்கும். சில இடங்களில் இந்த மார்க்கில் ஒரு பங்கு கடைசிப் பட்டியல் வரை கூடவே வரும். உங்கள் தேர்வு இதில் எந்த வகை என்பதை விளக்கக் குறிப்பேட்டில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சேராது என்றால் உங்கள் வேலை முதலிடம் வாங்குவது அல்ல, கோட்டைக் கொஞ்சம் தாராளமாகத் தாண்டுவது. இந்த இரண்டுக்கும் தயாராகும் விதமே வேறு. முதலிடம் வேண்டுமென்றால் கடினமான கேள்விகளைப் பிடிக்க வேண்டும். கோட்டைத் தாண்டுவதற்கு, சுலபமான கேள்வியும் நடுத்தரமான கேள்வியும் கையை விட்டுப் போகாமல் இருந்தாலே பெரும்பாலும் போதும். நான் பார்த்தவரை ஸ்கிரீனிங்கில் தவறியவர்களில் அதிகம் பேர் கடினமான கேள்வி தெரியாமல் தவறவில்லை. தெரிந்த கேள்வியை விட்டுவிட்டுத் தவறினார்கள்.

அதே மூச்சில் இன்னொன்றையும் பாருங்கள். 45 என்பது குறைவா? அந்தத் தேர்வில் போன வருடங்களில் கட்-ஆஃப் எவ்வளவு என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. வினாத்தாள் கடினமாக இருக்கும் தேர்வுகளில் பாதி மார்க்குக்கும் கீழேயே கோடு விழுவதுண்டு. பர்சன்டைல் என்று ஒன்றைக் கொடுத்தால் அது சதவீதம் இல்லை. உங்களுக்குச் சமமாகவோ கீழேயோ நூற்றுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அது. 45 சதவீத மார்க் வாங்கியவர் 90 பர்சன்டைலில் இருக்கலாம். அப்புறம், ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் குறைந்தபட்ச மார்க் உண்டா என்று பாருங்கள். மொத்தத்தில் தாண்டி ஒரு பகுதியில் இரண்டு மார்க்கில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்தவர்கள் அவர்கள்.

சரி, அசல் கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தைப் பார்த்ததும் "இது தெரியும்" என்று தோன்றுவதும், புத்தகம் இல்லாமல் அதை மனதிலிருந்து வெளியே எடுப்பதும் வேறு வேறு திறமைகள். தெருவில் ஒருவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. அவர் பெயர் என்ன என்று கேட்டால் முழிக்கிறோம், இல்லையா? அந்த மாதிரி. இரண்டு தடவை படித்ததில் நீங்கள் வளர்த்தது அடையாளம் காணும் திறமையை. தேர்வு கேட்பது எடுத்துத் தரும் திறமையை.

இது என் சொந்த ஊகம் இல்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியை ஒரு குழு நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு தடவை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் எனக்குச் சுவாரசியமான இடம் வேறு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு தடவை படித்த குழுவினர்! உங்களுக்கு "எல்லாம் தெரிந்த மாதிரி" இருப்பதும் அந்த நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே மூன்றாவது தடவை சிலபஸை முதலிலிருந்து படிக்க உட்காராதீர்கள். ஒரு பாடத்தை எடுங்கள், புத்தகத்தை மூடியே வையுங்கள், வெற்றுத் தாளில் அந்தப் பாடத்தின் சூத்திரங்கள், அவை எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று எழுதுங்கள். முதல் நாள் பாதிப் பக்கத்திலேயே பேனா நின்றுவிடும். எரிச்சலாக வரும், நேரம் வீணாகிற மாதிரியும் இருக்கும். நின்ற இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். கலர் கலராகக் கோடு போடுவதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். 2013-இல் டன்லோஸ்கியும் மற்றவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்தவை என்ற பட்டியலில் விழுந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் அதிகப் பயன் தருபவை என்ற இடத்தைப் பிடித்தன.

இடைவெளி என்று சொன்னேனே, அது எத்தனை நாள் என்று அடுத்து கேட்பீர்கள். மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று மறந்து, பிறகு மறதி நிதானப்படும். இடைவெளியைப் பற்றி 2008-இல் செபேடா குழுவினர் செய்த பெரிய சோதனையில், தேர்வு 7 நாளில் என்றால் சுமார் ஒரு நாள் இடைவெளியும், 70 நாளில் என்றால் சுமார் மூன்று வார இடைவெளியும் நன்றாக வேலை செய்தன. அவர்கள் சோதித்தது தனித்தனித் துணுக்குத் தகவல்களை. கணக்குப் பாடத்துக்கு இதே எண்களை அப்படியே போட முடியாது. தேர்வு தூரத்தில் இருந்தால் இடைவெளியும் நீளமாக இருக்கலாம் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். நான் என் மாணவர்களிடம் சொல்வது மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரத்தில் ஒரு தடவை, மூன்று வாரத்தில் ஒரு தடவை. ஒவ்வொன்றும் புத்தகத்தை மூடி. இது நான் வசதிக்காக வைத்திருக்கும் கணக்கு, வேதவாக்கு இல்லை.

இதை விடவும் உங்களுக்கு உதவப்போவது, கேள்விகளைக் கலந்து போடுவது. நாம் எப்படிப் பயிற்சி செய்கிறோம்? நிகழ்தகவுப் பாடம் முடிந்ததும் நிகழ்தகவுக் கணக்கு நாற்பது. பத்தாவது கணக்கிலிருந்து யோசிக்கவே வேண்டாம், எந்த முறை என்பது பாடத் தலைப்பிலேயே இருக்கிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. "இது எந்த வகைக் கணக்கு" என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே பாதி வேலை, அந்தப் பாதிக்கு நீங்கள் பயிற்சியே எடுக்கவில்லை. 2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் இதைச் சோதித்தார்கள். கன உருவங்களின் கனஅளவு காணும் நான்கு வகைக் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகவும் இன்னொரு குழு கலந்தும் போட்டது. பயிற்சியின்போது வகைப்படுத்திப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாவது குழு 63. எண்களை மறந்தாலும் பரவாயில்லை. பயிற்சியில் தடுமாறுவது கெட்ட சகுனம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கலந்து போடத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் உங்கள் மார்க் இறங்கினாலும் இறங்கும். பயந்துபோய்ப் பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

உளவியல் ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகம் நியாயமானது. 2018-இல் ஒரு குழு, புகழ்பெற்ற இரண்டு அறிவியல் இதழ்களில் வந்த 21 சோதனைகளை மறுபடி செய்து பார்த்தது. 13தான் தேறின. தேறியவற்றில் இரண்டு, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது பலன் தருகிறது என்ற வகையைச் சேர்ந்தவை. தேறாதவற்றில் ஒன்று, தேர்வுக்கு முன் பத்து நிமிடம் மனதில் உள்ள பயத்தை எழுதித் தள்ளினால் மார்க் கூடும் என்று 2011-இல் சொன்னது. பயத்தை எழுதுவது கெடுதல் இல்லை, மனதுக்கு ஆறுதலாக இருந்தால் எழுதுங்கள். ஆனால் அதை நம்பி மார்க்கை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது தவறுகளைப் பற்றி. மாக் டெஸ்ட் முடிந்ததும் மார்க்கைப் பார்த்துவிட்டு அடுத்த டெஸ்டுக்குப் போகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது, ஏனென்றால் மார்க்கை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரம் எழுதிய தேர்வை அலச இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும். ஒரு நோட்டு போடுங்கள். தவறான ஒவ்வொரு கேள்வியையும், விட்டுவிட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஐந்தில் ஒன்றில் சேருங்கள். ஒன்று, பாடமே தெரியாது; இரண்டு, தெரியும், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை; மூன்று, தெரியும், ஆனால் வேறு முறையை எடுத்துவிட்டேன்; நான்கு, முறை சரி, கேள்வியைத் தவறாக வாசித்தேன் அல்லது கணக்கில் சறுக்கினேன்; ஐந்து, நேரமே போதவில்லை. ஐந்துக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு மட்டும்தான் புத்தகம் படிப்பது மருந்து. இரண்டாவதற்கு மூடிய புத்தகப் பயிற்சி, மூன்றாவதற்குக் கலந்து போடுவது. நாற்பது தவறில் எட்டுதான் முதல் வகை என்றால், பன்னிரண்டு மணி நேரம் படித்தாலும் அந்த எட்டுதான் சரியாகும்.

நான்காவது வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் எல்லாத் தவறையும் "சில்லி மிஸ்டேக் சார்" என்று இதில் போட்டுவிடுவார்கள், அது மனதுக்கு இதமாக இருக்கும் என்பதால். கவனக்குறைவு என்று எழுதுவதை நான் அனுமதிப்பதில்லை. எந்தச் சொல்லை வாசிக்கவில்லை? "தவறானது எது" என்பதில் "தவறானது" என்பதையா? எந்த வரியில் குறி மாறியது? சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்ததா? இப்படி நாலு டெஸ்டுக்கு எழுதினால், கவனக்குறைவு என்று நினைத்தது உண்மையில் இரண்டு மூன்று பழக்கங்கள்தான் என்று தெரியவரும். ஒரு மாணவிக்கு அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துபோகும். வேறு எதிலும் தவறு செய்யமாட்டாள். அதைக் கண்டுபிடித்த பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் குறியை வட்டம் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

வினாத்தாள் தயாரிக்கிறவன் என்ற முறையில் ஒரு உள்விவகாரத்தையும் சொல்கிறேன். நான்கு விடைகளில் மூன்று தவறான விடைகளை நாங்கள் மனம் போன போக்கில் போடுவதில்லை. நீங்கள் செய்யக்கூடிய மூன்று தவறுகளை நாங்களே செய்து, அதில் வரும் எண்களைத்தான் போடுகிறோம். 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன, மொத்த மின்தடை எவ்வளவு? விடை 2 ஓம். மற்ற மூன்று இடத்தில் 9, 4.5, 0.5 என்று போடுவேன். தொடரிணைப்பு என்று நினைத்தவருக்கு 9 வரும். சராசரி எடுத்தவருக்கு 4.5. ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் தலைகீழாக்க மறந்தவருக்கு 0.5. ஒவ்வொருவரும் தன் எண்ணை விடைகளில் பார்த்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போவார். "நான் கண்ட எண் விடைகளில் இருக்கிறது" என்பது உங்கள் விடை சரி என்பதற்குச் சாட்சி ஆகாது என்பது இதனால்தான்.

இதே விஷயம் உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். பக்க இணைப்பில் மொத்த மின்தடை, இருப்பதிலேயே சிறிய மின்தடையை விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அது தெரிந்தால் கணக்கே போடாமல் 9-ம் 4.5-ம் அடிபடும். அலகு பொருந்துகிறதா, ஒரு அளவைப் பூஜ்யமாக்கினால் விடை நியாயமாக இருக்கிறதா, விடையைக் கேள்வியிலேயே போட்டுப் பார்க்கலாமா என்று பத்து நொடி செலவழிப்பதைப் பழக்கமாக்குங்கள். நேராகக் கணக்குப் போடுவதை விட இது மட்டமான வழி என்று சிலருக்குக் கூச்சம் உண்டு. சல்லடைக்கு அது தெரியாது.

குத்துமதிப்பாக விடை போடலாமா என்ற உங்கள் கேள்வி, அதாவது தவறான விடைக்கு மார்க் கழிக்கும் நெகட்டிவ் மார்க் விஷயம், இங்கேதான் வருகிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லாத பகுதி ஒன்று உண்டு, அது வெறும் கூட்டல் கழித்தல். சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு, நான்கு விடைகள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் மார்க் லாபம். ஒரு விடையை நிச்சயமாக அடித்துவிட்டால் மூன்றில் இரண்டு மார்க். இரண்டை அடித்துவிட்டால் ஒன்றரை மார்க். சரிக்கு 3, தவறுக்கு ஒன்று கழிவு என்றால் கண்மூடிப் போடுவதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒன்றை அடித்தாலே லாபம் தொடங்கிவிடும். கழிவே இல்லாத தேர்வு என்றால் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக்கூடாது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் தவறுக்குக் கால் மார்க் கழித்துக்கொண்டிருந்தார்கள். 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். விதி மாறினால் உத்தி மாற வேண்டும், ஆகவே போன வருட விதியை நம்பாமல் இந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கேள்விகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவற்றின் கழிவு விதி தனி.

சராசரி என்று சொன்னதில் ஒரு பொடி வைத்திருக்கிறது. 4-க்கு 1 என்ற அதே விதியில் இருபது கேள்விக்குக் கண்மூடி விடை போட்டால் சராசரியாக ஐந்து சரியாகி 5 மார்க் வரும். ஆனால் ஐந்து தடவையில் ஒரு தடவைக்கும் சற்று அதிகமாக, மூன்றோ அதற்குக் குறைவாகவோதான் சரியாகும்; அப்போது கையிலிருக்கும் மார்க்கும் போகும். மற்றவற்றை வைத்துப் பார்த்தால் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள் என்று தோன்றினால் இந்தச் சூதாட்டம் எதற்கு? கோட்டுக்குக் கீழே இருப்பது உறுதி என்றால் ஆடித்தான் ஆக வேண்டும், இழக்க ஒன்றுமில்லை. முதலிடத்துக்குப் போட்டி போடுகிறவருக்கும் சல்லடையைத் தாண்ட வேண்டியவருக்கும் இங்கே கணக்கு மாறுகிறது.

இரண்டில் ஒன்று என்று சந்தேகம் வந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது பாதிக்கும் குறைவாகவே வருகிறது, ஏனென்றால் உங்களைச் சந்தேகப்பட வைத்த அந்த இன்னொரு விடை, சந்தேகப்பட வைப்பதற்கென்றே செய்தது. ஆகவே மாக் டெஸ்டில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுங்கள்: உறுதி, இரண்டில் ஒன்று, குருட்டாம்போக்கு. பத்து டெஸ்ட் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் எத்தனை சரி என்று எண்ணுங்கள். 4-க்கு 1 விதியில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியானாலே லாபம்தான். உங்கள் "உறுதி"யில் நூற்றுக்கு எழுபதுதான் சரி என்று வந்தால், அது வேறு பெரிய செய்தி.

போட்ட விடையை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். "முதலில் தோன்றியதே சரி, மாற்றாதே" என்பது வழிவழியாக வரும் அறிவுரை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1,561 மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய தடங்களை எண்ணினார்கள். முடிவு 2005-இல் வெளியானது. மாற்றியதில் 51 சதவீதம் தவறிலிருந்து சரிக்குப் போனது, 25 சதவீதம்தான் சரியிலிருந்து தவறுக்கு. சரியை மாற்றித் தவறாக்கியது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கும், மற்றது மறந்துபோகும் என்பதால் அந்த அறிவுரை பிழைத்திருக்கிறது. காரணம் கிடைத்தால் மாற்றுங்கள். படபடப்பில் மாற்றாதீர்கள்.

தேர்வறையில் நேரத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பட்டறிவுதான். மூன்று மணி நேரத்தில் 90 கேள்வி என்றால் தலைக்கு இரண்டு நிமிடம். ஆனால் அப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்று வரிசையாகப் போகக்கூடாது. முதல் சுற்றில் வாசித்ததும் வழி தெரிகிற கேள்விகளை மட்டும் போட்டுவிட்டு, மற்றதைக் குறி வைத்துத் தாண்டுங்கள். எழுபது எண்பது நிமிடத்தில் கடைசிக் கேள்வியைப் பார்த்திருக்க வேண்டும். வழி தெரிந்தும் நீளமாகப் போகிறவை இரண்டாவது சுற்றுக்கு. "இவ்வளவு நேரம் போட்டாச்சு, இன்னும் ஒரே நிமிடம்" என்ற நினைப்புத்தான் கொல்லும். அந்த ஐந்து நிமிடம் போனது போனதுதான். கடைசிப் பக்கத்தில் காத்திருக்கும் சுலபமான கேள்விக்கும் இதற்கும் ஒரே மார்க். விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள் என்றால், கேள்வியைத் தாண்டும்போது வட்டத்தையும் தாண்டுகிறோமா என்று பார்க்க வேண்டும். நான் படித்த காலத்தில் ஒரு நுழைவுத் தேர்வில் 37-ஆவது கேள்வியைத் தாண்டிவிட்டு வட்டத்தைத் தாண்டாமல், 60 வரை எல்லாவற்றையும் ஒரு வரி மேலே நிரப்பினேன். கண்டுபிடித்தபோது பத்து நிமிடம்தான் மீதி. அதிலிருந்து, பக்கம் திருப்பும்போதெல்லாம் எண்ணைச் சரிபார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பன்னிரண்டு மணி நேரம் வேண்டுமா என்றால், வேண்டாம். எத்தனை மணி நேரம் சரி என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் என்னிடம் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் தூக்கத்திலிருந்து வரப்போகிறது என்றால் அது நஷ்ட வியாபாரம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ இரண்டு வாரம் தொடர்ந்து தூங்கியவர்களின் கவனம், முழுதாக இரண்டு இரவு வரை விழித்திருந்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. அவர்களைக் கேட்டால் அவ்வளவு மோசமாக இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் கழகத்தின் பரிந்துரை. படிப்புக்குப் பத்து மணி நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எட்டாக்குங்கள்; அதில் பாதியைப் புத்தகம் மூடிய வேலையாக மாற்றுங்கள்.

கோச்சிங் விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை, அதில்தான் எனக்குச் சம்பளம். அதையும் மீறிச் சொல்கிறேன். எஸ்.ஏ.டி. தேர்வுக்கான கோச்சிங்கைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட அறிக்கை, சராசரி ஏற்றம் 1600-க்குச் சுமார் 30 புள்ளிதான் என்றது. வேறு தேர்வுக்கு அதே அளவுதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாடத்தை ஆழமாகக் கேட்கும் தேர்வுகளில் நல்ல ஆசிரியர் அதிகம் உதவலாம். உங்கள் தவறு நோட்டில் "பாடமே தெரியாது" என்பது பாதிக்கு மேல் இருந்தால் கற்றுத்தர ஆள் தேவை. மற்ற நான்கு வகை அதிகம் என்றால், பணம் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது நேர ஒழுங்கும் டெஸ்ட் தாள்களும்தான். அவை இல்லாமல் உட்காரவே முடியாது என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அது வீண் செலவு இல்லை.

பழைய வினாத்தாள்களைச் செலவழிப்பதில் சிக்கனம் வேண்டும். கடைசி மூன்று வருடத் தாள்களைத் தொடாமல் எடுத்து வையுங்கள். அதற்கு முந்தையவற்றைப் பிரித்துக் கலந்து பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முழு டெஸ்ட் போதும், மூன்றாவது மாதத்திலிருந்து இரண்டு. அசல் தேர்வு எந்த நேரத்தில் தொடங்குகிறதோ அதே நேரத்தில், தண்ணீர் குடிக்க எழுந்து போகாமல் எழுதுங்கள். எடுத்து வைத்த மூன்றையும் கடைசி ஒரு மாதத்தில் எழுதுங்கள், கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று ஓரளவு நம்பத்தகுந்த கணக்கு அதில்தான் கிடைக்கும். தனியார் மாக் டெஸ்டில் வரும் மார்க்கை வைத்து அசல் மார்க்கைக் கணிப்பது கஷ்டம். வேண்டுமென்றே கடினமாகப் போடுகிறவர்கள் உண்டு (நானும் போட்டிருக்கிறேன்). விடைக்குறிப்பிலும் தவறு வரும். அரை மணி நேரம் யோசித்தும் உங்கள் விடைதான் சரி என்று பட்டால், ஒருவேளை அதுதான் சரியாகவும் இருக்கலாம். கடைசி வாரத்தில் புதுப் பாடம் எதையும் திறக்காமல் தவறு நோட்டை மட்டும் புரட்டுங்கள்.

இப்போதைக்கு, ஏற்கெனவே எழுதி முடித்த கடைசி இரண்டு மாக் டெஸ்ட் தாள்களை எடுத்து, தவறானதையும் விட்டதையும் அந்த ஐந்து வகையில் பிரித்து எண்ணிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது ஆகும். அந்த ஐந்து எண்களையும், உங்கள் தேர்வின் கழிவு விதியையும், போன வருடக் கட்-ஆஃபையும் எழுதினால், நான்கு மாதத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.